காலத்தைப் பங்கிட்ட யந்திரங்கள்

1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கும், அதிலிருந்து நானூறு கெஜ தூரத்தில் இருந்த பெர்க்லி சர்வகலாசாலைக்கும் இடையே வினாடிக்கு 32,000 பிட் வீதம் ஓடிக்கொண்டிருந்த செய்திப் போக்குவரத்து, வினாடிக்கு 40 பிட் என்னும் அளவுக்கு விழுந்துவிட்டது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய இந்த ஓட்டத்தின் காரணத்தை ஆராயப் புகுந்த வான் ஜேகப்ஸனும் மைக்கேல் காரெல்ஸும் கண்டது விசித்திரமானது. அனுப்பிய பாக்கெட், அதாவது செய்தியின் ஒரு துண்டு, போய்ச் சேர்ந்ததற்கான பதில் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அதை மறுபடி அனுப்ப வேண்டும் என்பது கணிப்பொறிகளுக்கு விதிக்கப்பட்டிருந்த தர்மம். நெரிசலினால் பதில் தாமதமாயிற்று. தாமதத்தைக் கண்டு ஒவ்வொரு கணிப்பொறியும் அதே பாக்கெட்டை மீண்டும் அனுப்பிற்று. அவ்வாறு அனுப்பிய பிரதிகளே நெரிசலை மேலும் பெருக்கின. தனித்தனியே பார்த்தால் எல்லா யந்திரங்களும் தம் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தன. ஒன்றுகூடியபோது ஒன்றையொன்று மூச்சுத் திணற வைத்துவிட்டன. நெரிசலின் அறிகுறி தோன்றியவுடன் அனுப்பும் கணிப்பொறி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 1988-இல் ஜேகப்ஸன் வெளியிட்ட பரிகாரம், இன்றளவும் இன்டர்நெட்டின் ஆதார விதிகளுள் ஒன்றாக இருந்து வருகிறது.

உறுப்புகளின் குணத்தைக் கொண்டு முழு வலைப்பின்னலின் குணத்தை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை. அப்படியானால், நாளை ஒருவர் புதியதொரு விதியை இயற்றி, இதனால் போக்குவரத்து சீர்படும் என்று சொன்னால், அவர் சொல்லை எதைக் கொண்டு பரிசோதிப்பது? கோடிக்கணக்கானோர் உபயோகத்திலுள்ள வலைப்பின்னலில் அந்த விதியை நேரே புகுத்திப் பார்ப்பது அபாயம். கணிதத்தைக் கொண்டு முன்கூட்டியே நிர்ணயித்துவிடலாம் என்றால், அந்த வழியில் பெரியோர் பலர் வெகுதூரம் சென்றிருக்கிறார்கள் என்பது மெய். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் டெலிபோன் அழைப்புகளின் வரத்தைப் பற்றி 1909-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைகளைப் பற்றிய ஒரு சாஸ்திரமே கிளைத்தது. 1975-இல் பாஸ்கெட், சாண்டி, மன்ட்ஸ், பலாசியோஸ் ஆகிய நால்வர் சேர்ந்து, பல வரிசைகள் ஒன்றோடொன்று பின்னிய அமைப்புகளில் ஒரு பெரும் வகைக்குச் சூத்திரமாகவே விடை எழுதிக் காட்டினார்கள்.

ஆயினும் அந்தச் சூத்திரங்கள் சில அநுமானங்களின் மேல் நிற்பவை. பாக்கெட்டுகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தன்னிச்சையாக வந்து சேர்கின்றன என்பது அவற்றுள் முக்கியமானது. வலைப்பின்னலின் நெரிசலைப் பார்த்து அனுப்புகிறவரே வேகத்தை மாற்றிக்கொள்ளும் இடத்தில் அந்த அநுமானம் செல்லாது. போதாததற்கு, அமெரிக்காவில் பெல்கோர் நிறுவனத்தின் உள்வலைப்பின்னலில் 1989 முதல் 1992 வரை எடுத்த அளவைகளை ஆராய்ந்த லேலாண்டும் அவருடைய கூட்டாளிகளும், போக்குவரத்தின் ஏற்ற இறக்கங்கள் வினாடிக் கணக்கில் பார்த்தாலும் நிமிஷக் கணக்கில் பார்த்தாலும் மணிக் கணக்கில் பார்த்தாலும் ஒரே மாதிரி முரட்டுத்தனமாகவே இருப்பதை 1993-இல் எடுத்துக் காட்டினார்கள். எர்லாங் கண்ட டெலிபோன் உலகத்தில், சற்று நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுத்தால் மேடுபள்ளம் சமமாகிவிடும். கணிப்பொறிகளின் உலகத்தில் அந்தச் சமாதானம் கிட்டவில்லை. ஆகவே, வலைப்பின்னலைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மாதிரியைக் கணிப்பொறிக்குள் ஓடவிட்டுப் பார்க்கிற சிமுலேஷன் முறை, கணிதத்துக்குத் துணையாக வந்து, பல சந்தர்ப்பங்களில் அதன் இடத்தையே எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த முறையின் சூட்சுமம் அதில் காலம் நகரும் விதத்தில் இருக்கிறது. மாதிரிக்குள் ஓடும் கடிகாரம் நம் கடிகாரத்தைப் போல ஒரே சீராக நகர்வதில்லை. ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவுகிறது. இன்ன நேரத்தில் இன்ன ரவுட்டரில், அதாவது பாக்கெட்டுகளை வழிப்படுத்தும் சந்தியில், ஒரு பாக்கெட் வந்து சேரும், இன்ன நேரத்தில் அது புறப்படும் என்று, வரவிருக்கும் நிகழ்ச்சிகளெல்லாம் தத்தம் கால முத்திரையோடு ஒரு பட்டியலில் இருக்கும். அவற்றுள் முந்திய நேரத்துக்குரியதை எடுத்து, அதை நடத்தி, அதன் பயனாகப் பிறக்கும் புது நிகழ்ச்சிகளைப் பட்டியலில் சேர்த்து, மறுபடியும் முந்தியதை எடுப்பதே வேலை முழுவதும். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒன்றும் மாறுவதில்லை என்பதால், இடைப்பட்ட காலத்தைக் கணக்கில் எடுக்காமல் தாண்டிவிடலாம். 1960-களில் ஆஸ்லோ நகரத்தில் டாலும் நியூகார்டும் சிமுலா என்னும் கணிப்பொறி மொழியை இயற்றியதும் இவ்வகைக் காரியங்களுக்காகவே.

முறை எளிது, அளவுதான் மலைக்க வைக்கிறது. வினாடிக்கு ஆயிரம் கோடி பிட் கடத்தும் கண்ணாடி நாரிழை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 1,500 பைட், அதாவது 12,000 பிட் கொண்ட பாக்கெட்டுகளால் அது நிறைந்து ஓடுமானால், வினாடிக்கு 8,33,333 பாக்கெட்டுகள் அதில் செல்லும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புறப்பாடு ஒன்று, வருகை ஒன்று எனக் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகள். இத்தகைய இழைகள் ஆயிரம் இருக்கும் ஒரு நடுத்தர வலைப்பின்னலில், ஒரு வினாடிக்குள் அடங்கும் நிகழ்ச்சிகள் ஏறக்குறைய 167 கோடி. ஒரு ப்ராசஸர் வினாடிக்குப் பத்து லட்சம் நிகழ்ச்சிகளை முடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வினாடியை நடித்துக் காட்ட அதற்கு இருபத்தெட்டு நிமிஷம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தை நடித்துக் காட்ட அறுபத்தொன்பது நாட்களுக்கு மேல் ஆகும். பல நிலைமைகளில், பல தடவை, பல மாறுதல்களோடு ஓட்டிப் பார்க்க வேண்டிய ஒரு பரிசோதனைக்கு இந்த வேகம் எவ்விதத்திலும் உதவாது.

ஆயிரம் ப்ராசஸர்கள் இருக்கின்றனவே, ஆளுக்கு ஒரு பகுதியாக வலைப்பின்னலைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் உடனே தோன்றும். தோன்றிய மாத்திரத்தில் காலம் குறுக்கே வந்து நிற்கிறது. பட்டியல் ஒன்றாக இருந்தவரையில் எது முந்தியது என்ற கேள்விக்குச் சந்தேகமற்ற விடை இருந்தது. பட்டியலைத் துண்டாடிப் பல யந்திரங்களிடம் கொடுத்த பின், ஒன்றின் கடிகாரம் 60-இல் நிற்கையில் மற்றொன்றின் கடிகாரம் 40-இல் நிற்கும். பின்தங்கிய யந்திரத்திலிருந்து 47 என்ற முத்திரையோடு ஒரு பாக்கெட் முந்திய யந்திரத்துக்கு வந்து சேர்ந்தால், அது ஏற்கெனவே கடந்துபோன காலத்துக்குள் வந்து விழுகிறது. அந்தப் பாக்கெட் வரிசையில் நின்றிருந்தால் பின்வந்தவை தாமதப்பட்டிருக்கும். சில இடமின்றிக் கைவிடப்பட்டிருக்கும். காரணத்துக்கு முன்பே காரியம் நடந்தேறிவிட்ட அந்த மாதிரி எவ்வளவு வேகமாக ஓடினாலும், அதன் விடை பொய் விடை.

எல்லா யந்திரங்களும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒன்றையொன்று கலந்துகொண்டே நகர்ந்தால் தவறு நேராது. ஆனால் ஆயிரம் யந்திரங்கள் ஒரு யந்திரத்தின் வேகத்தில் நடக்கும். இந்தச் சங்கடத்திலிருந்து மீளும் வழிக்குத் தத்துவ அடிப்படை ஒன்று தேவையாக இருந்தது. அதை 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் தெளிவாகக் காணலாம். தனித்தனி இடங்களில் இயங்கும் கணிப்பொறிகளுக்குள், ஒரு நிகழ்ச்சி மற்றொன்றுக்கு முந்தியது என்று சொல்வதற்கு அர்த்தம் எப்போது உண்டு என்பதே அவர் எழுப்பிய கேள்வி. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்து அதைப் பாதிக்கக்கூடுமானால்தான் முன்பின் என்பதற்கு அர்த்தம் உண்டு. அவ்வாறு பாதிக்க முடியாத இரண்டு நிகழ்ச்சிகளில் எதை முன்னே நடத்தினாலும் உலகம் மாறுவதில்லை. ஐன்ஸ்டைனின் ரிலேட்டிவிடி சித்தாந்தத்தில் ஒளியின் வேகத்துக்கு இருக்கும் ஸ்தானத்தை இங்கே செய்தியின் வேகம் வகிக்கிறது. எல்லாவற்றையும் கால வரிசைப்படியே நடத்த வேண்டும் என்ற கட்டாயம், பார்க்கப்போனால், தேவைக்கு மிஞ்சிய கட்டாயம். ஒவ்வொரு யந்திரமும் தன் பங்குக்கு வந்த நிகழ்ச்சிகளை மட்டும் கால வரிசை தப்பாமல் நடத்திவிட்டால், முழு விடையும் ஒற்றை யந்திரம் தரும் விடையாகவே அமைந்துவிடும். இணைச் சிமுலேஷன் என்னும் துறை முழுவதும் இந்தச் சலுகையின் மேல் எழுந்தது என்றே சொல்ல வேண்டும்.

சலுகையைப் பிரயோகிக்கும் முறையை முதலில் வகுத்தவர்கள் மூவர். 1977-இல் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராக இருந்த ராண்டல் பிரையன்ட் தம் ஆய்வேட்டில் ஒரு முறையை எழுதினார். அவரைச் சாராமல், டெக்ஸஸ் சர்வகலாசாலையின் ஆஸ்டின் நகரக் கல்லூரியில் ஆசிரியர்களாக இருந்த கே. மணி சாண்டியும் ஜயதேவ் மிஸ்ராவும் அதே கருத்தை அடைந்து 1979-இல் பிரசுரித்தார்கள். வரிசைகளைப் பற்றிய 1975-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் பெயர் வந்த சாண்டிதான் இவர். கோட்டயத்தில் பிறந்து, சென்னை கிண்டியில் 1959-இல் ஆரம்பமான இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1965-இல் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். மிஸ்ராவோ கட்டாக்கில் பிறந்து கான்பூரில் பயின்றவர். கணிதத்தின் எல்லை வரை சென்று நின்ற ஒருவரே, அந்த எல்லைக்கு அப்பால் செல்லும் சாதனத்தையும் இயற்றியவர்களுள் ஒருவராக இருந்தார் என்பது என் மனத்தை விட்டு அகலாத செய்தி.

அவர்களுடைய முறையைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். அ, ஆ, இ என மூன்று ரவுட்டர்கள். அ-விலிருந்து ஆ-வுக்கும், ஆ-விலிருந்து இ-க்கும், இ-யிலிருந்து மறுபடி அ-வுக்கும் கம்பி. ஒவ்வொரு கம்பியையும் கடக்க 5 மில்லி வினாடி. மூன்றும் தனித்தனி ப்ராசஸர்களில் ஓடுகின்றன. மூன்றின் கடிகாரங்களும் இப்போது 20-ஐக் காட்டுகின்றன. அ-வின் கையில் 40-க்குரிய நிகழ்ச்சி ஒன்றும், ஆ-வின் கையில் 60-க்குரியதும், இ-யின் கையில் 70-க்குரியதும் இருக்கின்றன. அ தன் நிகழ்ச்சியை நடத்தலாமா? இ-யிடமிருந்து 40-க்கு முந்திய பாக்கெட் ஏதேனும் வந்துவிட்டால் என்செய்வது என்று அது காத்திருக்கிறது. அதே ஐயத்தினால் ஆ-வும் அ-வை எதிர்நோக்கி நிற்கிறது. இ-யும் ஆ-வை எதிர்நோக்கி நிற்கிறது. ஒருவரும் தவறிழைக்கவில்லை, ஒருவரும் நகரவும் இல்லை. செய்வதற்கு வேலை இருந்தும் மூன்று யந்திரங்களும் முடிவில்லாமல் முட்டுக்கட்டையில் கிடக்கும்.

வெற்றுச் செய்தி என்னும் யுக்தி இங்கேதான் வருகிறது. சரக்கு அனுப்புவதாகச் சொல்லாமல், வெள்ளிக்கிழமைக்கு முன் என்னிடமிருந்து சரக்கு வராது என்று மட்டும் ஒரு மொத்த வியாபாரி கடிதம் எழுதினால், சில்லறைக் கடைக்காரர் அதுவரையிலான தம் காரியங்களை நிச்சயமாகத் திட்டமிட்டுக்கொள்ள முடியுமல்லவா? அவ்வாறே அ, தன் கடிகாரம் 20 ஆதலாலும் கம்பியைக் கடக்க 5 ஆகுமாதலாலும், 25-க்கு முன் என்னிடமிருந்து எதுவும் வாராது என்று ஆ-வுக்கு உறுதி அனுப்புகிறது. அந்த உறுதியைக் கொண்டு ஆ 25 வரை நகர்ந்து, 30-க்கு முன் எதுவும் வாராது என்று இ-க்குத் தெரிவிக்கிறது; இ 35 என்று அ-வுக்குத் தெரிவிக்கிறது. இரண்டாவது சுற்றில் உறுதிகள் 40, 45, 50 என்று வளர்கின்றன. 50 வரை அபாயமில்லை என்று அறிந்த அ, 40-க்குரிய தன் நிகழ்ச்சியை இப்போது தைரியமாக நடத்துகிறது. பாக்கெட் எதையும் சுமக்காத ஆறு செய்திகள் முட்டுக்கட்டையை அவிழ்த்துவிட்டன.

இந்த உறுதியின் அளவு எங்கிருந்து வந்தது என்பதே நான் வாசகரின் கவனத்தில் நிறுத்த விரும்பும் விஷயம். அது நிரல் எழுதியவரின் சாமர்த்தியத்திலிருந்து வரவில்லை. கம்பியின் நீளத்திலிருந்து வந்தது. கண்ணாடி நாரிழையில் ஒளி ஒரு மில்லி வினாடியில் சுமார் 200 கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் அப்பாலுள்ள ரவுட்டர் இந்தக் கணத்தில் என்ன செய்தாலும் அது இங்கே தெரிய 5 மில்லி வினாடி ஆகும். அந்த 5 மில்லி வினாடிக்குள், முன்னே சொன்ன இழை ஒன்றில் மட்டும் நாலாயிரம் பாக்கெட்டுகளுக்கு மேல் கடந்துவிடும். அவ்வளவையும் எவரையும் கேளாமல் நடத்திவிட ஒரு ப்ராசஸருக்குச் சுதந்திரம் உண்டு. செய்தி அனுப்புகிறவர்கள் குறையாகக் கருதும் தாமதம், அந்த வலைப்பின்னலை நடித்துக் காட்டுகிறவருக்கு வரமாக அமைகிறது. முன்னோக்கு என்று இத்துறையினர் இந்த இடைவெளியைக் குறிப்பிடுகிறார்கள். வலைப்பின்னலைப் பங்கிடுகிறவர் எங்கே வெட்ட வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும்: நீண்ட கம்பிகளின் குறுக்கே வெட்ட வேண்டும், அருகருகே உள்ளவற்றை ஒரே ப்ராசஸரில் விட்டுவிட வேண்டும்.

கம்பி குறுகினால் வரம் சுருங்கும். நம் மூன்று ரவுட்டர்களையும் ஒரே கட்டிடத்துக்குள் கொண்டுவந்து, இடையிலுள்ள இழையை 200 மீட்டராகக் குறைத்தால், தாமதம் ஒரு மைக்ரோ வினாடி ஆகிவிடும். அப்போது 20-இலிருந்து 40 மில்லி வினாடியை எட்டுவதற்கு, ஆறு வெற்றுச் செய்திகள் போதாமல் இருபதாயிரம் செய்திகள் சுற்றிச் சுற்றி ஓட வேண்டியிருக்கும். ஒரு நிகழ்ச்சியை நடத்துவதற்காக இருபதாயிரம் உறுதிமொழிகள். தாமதம் அறவே இல்லாத ஒரு சுழற்சி அமைந்துவிட்டால், உறுதி வளரவே வளராது. ரேடியோ அலைகளால் பேசும் கருவிகளை நடித்துக் காட்டுவது இதனாலேயே கடினமாயிற்று. 300 மீட்டர் தூரத்தை அலை ஒரு மைக்ரோ வினாடியில் கடந்துவிடுகிறது என்பதோடு, ஒருவர் பேசினால் சுற்றியுள்ள எல்லாருக்கும் கேட்கிறது. ஆஸ்டினில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஆசிரியரான ராஜீவ் பக்ரோதியாவும் அவருடைய குழுவினரும் 1990-களின் பிற்பகுதியில் குளோமோசிம் என்ற நிரலை இயற்றி, கம்பியில்லா வலைப்பின்னல்களை இணையாக ஓட்டிக் காட்டியது சாமான்யமான சாதனை அன்று.

சாண்டியும் மிஸ்ராவும் பிரையன்டும் வகுத்தது நிச்சயம் ஏற்படும்வரை அடியெடுத்து வைக்காத நெறி. இதற்கு நேர்மாறான நெறி ஒன்றை டேவிட் ஜெபர்ஸன், ஹென்றி ஸௌவிஸ்ரல் என்பவருடன் சேர்ந்து ராண்ட் நிறுவனத்தில் உருவாக்கி, 1985-இல் விரிவாகப் பிரசுரித்தார். டைம் வார்ப் என்பது அதன் பெயர். இதில் ஒருவரும் ஒருவருக்காகவும் காத்திருப்பதில்லை. கையிலுள்ள நிகழ்ச்சிகளை ஒவ்வொரு யந்திரமும் தன் பாட்டுக்கு நடத்திக்கொண்டே போகும்; கடந்த காலத்துக்குரிய பாக்கெட் வந்து விழுந்தால், அந்தக் காலத்துக்குப் பின்வாங்கி, அதன் பின் தான் செய்ததையெல்லாம் ரத்துச் செய்துவிட்டு, மறுபடி முன்னே நடக்கும். 60 வரை சென்றுவிட்ட ஆ-வுக்கு 47-க்குரிய பாக்கெட் வந்தால், 47-க்கு முன் தன் நிலைமை எப்படியிருந்ததோ அதைச் சேமிப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறது.

தன் நிலைமையைத் திருத்திக்கொள்வது பெரிதன்று. இடையில் பிறருக்கு அனுப்பிவிட்ட செய்திகளை என்செய்வது? இதற்கு ஜெபர்ஸன் கண்ட தீர்வின் அழகை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குத் தெவிட்டுவதில்லை. அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் அதே முத்திரையும் அதே பொருளும் எதிர்க் குறியும் கொண்ட எதிர்ச் செய்தி ஒன்று அனுப்பியவரிடம் தங்கியிருக்கிறது. பின்வாங்க நேர்ந்தால் அது புறப்படுகிறது. போன இடத்தில் மூலச் செய்தி இன்னும் நடத்தப்படாமல் காத்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து மறைகின்றன. நடத்தப்பட்டுவிட்டிருந்தால், பெற்றுக்கொண்ட யந்திரமும் பின்வாங்கித் தன் பங்குக்கு எதிர்ச் செய்திகளை அனுப்புகிறது. மூலம் வருவதற்கு முன்னரே எதிர்ச் செய்தி வந்து சேர்ந்தாலும் கணக்குப் பிசகுவதில்லை. மூலம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் அதனோடு சேர்ந்து மறைந்துவிடும். எந்தத் தலைமை அதிகாரியும் மேற்பார்வை பார்க்காமலே, பல இடங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு தவறு முற்றிலும் துடைக்கப்பட்டுவிடுகிறது.

இந்த ரத்துகள் எங்கேயாவது போய் நிற்குமா, அல்லது ஆதிகாலம் வரை பின்வாங்கிக்கொண்டே இருக்குமா என்று சந்தேகம் எழுவது நியாயம். எல்லா யந்திரங்களின் கடிகாரங்களிலும், வழியில் உள்ள செய்திகளின் முத்திரைகளிலும் எது மிகச் சிறியதோ, அதற்கு முந்திய காலத்துக்கு எவரும் இனிப் பின்வாங்க முடியாது. அந்த எல்லைக்கு முற்பட்ட சேமிப்புகளைக் கழித்துவிடலாம். அச்சிடுதல் போலத் திரும்பப் பெற முடியாத காரியங்களை அந்த எல்லை கடந்த பிறகுதான் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரங்களை நிறுத்தாமல் அந்த மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பதும் எளிய காரியம் அன்று. சிதறிய அமைப்பு ஒன்றை நிறுத்தாமலே அதன் முழு நிலைமையையும் முரணின்றிப் படம் பிடிக்கும் முறையொன்றைச் சாண்டியும் லாம்போர்ட்டும் அதே 1985-இல் வெளியிட்டார்கள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்.

டைம் வார்ப்பின் சுமை சேமிப்பில் இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னைய நிலைமையைப் பிரதி எடுத்து வைப்பதென்றால் ஞாபகக் களஞ்சியம் தாங்காது. 1999-இல் கிறிஸ்டபர் கரோதர்ஸ், கல்யாண் பெருமல்லா, ரிச்சர்ட் புஜிமோட்டோ ஆகியோர் வேறொரு வழி சொன்னார்கள்: பழைய நிலைமையைச் சேமிக்க வேண்டாம், செய்த கணக்கையே பின்னோக்கிச் செய்துவிடலாம். வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியிருந்தால், பின்வாங்கும்போது ஒன்று கழித்தால் போதும். நிபந்தனையைப் பொறுத்து இரண்டு வழிகளில் ஒன்றில் சென்றிருந்தால், எந்த வழி என்பதற்கு ஒரே ஒரு பிட் போதும். தற்செயல் எண்களைத் தரும் சூத்திரத்தையும் பின்னோக்கி ஓட்டலாம். இவ்வழியைப் பின்பற்றி, ரென்ஸிலர் தொழில்நுட்பக் கழகத்தாரும் லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக்கூடத்தாரும் 2013-இல், ஸெகோயா முதலிய ப்ளூ ஜீன் யந்திரங்களை இணைத்து, 19,66,080 ப்ராசஸர் கருக்களில் வினாடிக்கு 50,400 கோடி நிகழ்ச்சிகளை நடத்திக் காட்டினார்கள். அந்தக் குழுவில் ஜெபர்ஸனும் இருந்தார். அது வேகத்தை அளப்பதற்காக அமைத்த செயற்கைச் சோதனையே அன்றி, உண்மையான வலைப்பின்னல் அன்று என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். பாக்கெட்டுகள் ஓடும் வலைப்பின்னல் மாதிரிகளைப் பொறுத்தவரையில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் புஜிமோட்டோவும் ஜார்ஜ் ரைலியும் அவர்களுடைய தோழர்களும் 2003-இல், 1,536 ப்ராசஸர்களைக் கொண்டு ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட கணுக்கள் உள்ள வலைப்பின்னலை ஓட்டி, வினாடிக்கு 10 கோடிக்கும் மேலான பாக்கெட் பரிமாற்றங்களைக் கணக்கிட்டார்கள். அவர்கள் கையாண்டது காத்திருக்கும் நெறி.

இரண்டு நெறிகளில் எது உயர்ந்தது என்ற வாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. என் அபிப்பிராயத்தில், நீண்ட கம்பிகள் கொண்ட, முன்னோக்குக்குப் பஞ்சமில்லாத வலைப்பின்னல்களுக்குச் சாண்டி, மிஸ்ரா, பிரையன்ட் வழியே போதுமானது. அதில் எந்த நிமிஷத்தில் நிறுத்திப் பார்த்தாலும், அதுவரை நடந்ததெல்லாம் மெய்யாகவே இருக்கும். ரேடியோ வலைப்பின்னல்களிலும், ஒரே கூரையின் கீழ் லட்சம் கணுக்கள் நெருங்கி நிற்கும் சூப்பர் கணிப்பொறிகளின் உள்வலைப்பின்னல்களிலும், முன்னோக்கு மைக்ரோ வினாடிக்கும் கீழே இறங்கிவிடுவதால், துணிந்து முன்னே சென்று பிறகு திருத்திக்கொள்ளும் ஜெபர்ஸனின் வழி மேலோங்குகிறது. ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தாரும் ரென்ஸிலர் கழகத்தாரும், இனிமேல் கட்டவிருக்கும் சூப்பர் கணிப்பொறிகளின் வலைப்பின்னலை இன்றைய சூப்பர் கணிப்பொறிகளுக்குள் நடித்துப் பார்ப்பதற்கு இந்த வழியையே பயன்படுத்துகிறார்கள்.

வேகம் கிட்டிவிட்டதனால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வெர்ன் பாக்ஸனும் ஸாலி பிளாய்டும் 1997-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இன்டர்நெட்டை நடித்துக் காட்டுவது எப்படி என்பதை நாம் ஏன் அறியோம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார்கள். வலைப்பின்னலின் வடிவத்தை எவரும் முழுமையாக அறியார். அது நாள்தோறும் மாறுகிறது. இன்று பெரும்பாலோர் உபயோகிக்கும் பிரயோகம் நாளை மறைந்து, எவரும் எதிர்பாராத ஒன்று போக்குவரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. உள்ளே எதைக் கொடுப்பது என்பதில் உள்ள ஐயத்தை ப்ராசஸர்களின் எண்ணிக்கை தீர்க்காது. ஆனால் பலவிதமான ஊகங்களையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, எந்த ஊகத்தில் விடை தலைகீழாகிறது என்று கண்டறியும் வசதியைத் தருகிறது. அறுபத்தொன்பது நாட்களில் ஒரு விடை என்றிருந்த காலத்தில் எவரும் அதைச் செய்து பார்த்திருக்க முடியாது.

கடைசியாக, சிறியதுபோலத் தோன்றும் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. ஒரே ரவுட்டருக்கு, ஒரே கால முத்திரையோடு, இரண்டு வெவ்வேறு ப்ராசஸர்களிலிருந்து இரண்டு பாக்கெட்டுகள் வந்து சேர்கின்றன. வரிசையில் ஓர் இடம்தான் மீதி. எது உள்ளே செல்லும், எது கைவிடப்படும்? ஒற்றை யந்திரத்தில் பட்டியலில் முன்னே இருப்பது செல்லும். பல யந்திரங்களிலோ, அன்றைக்கு எந்தச் செய்தி முந்தி வந்ததோ அது செல்லும். அதே பரிசோதனையை மறுநாள் நடத்தினால் மற்றது செல்லக்கூடும். கைவிடப்பட்ட பாக்கெட்டை அனுப்பியவர் வேகத்தைக் குறைக்கிறார், மற்றவர் கூட்டுகிறார். சில வினாடிகளுக்குள் இரண்டு ஓட்டங்களும் வெவ்வேறு சரித்திரங்களாகப் பிரிந்துவிடுகின்றன. இவ்வாறு விடை மாறும் பரிசோதனையைப் பிறர் சரிபார்க்க இயலாது. ஆகவே நிரல் எழுதுகிறவர்கள், சமமான முத்திரைகளுக்கிடையே அனுப்பியவரின் எண், செய்தியின் வரிசை எண் என்று அடுத்தடுத்து ஒப்பிட்டு, எந்த யந்திரத்தில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு வருமாறு விதி வகுக்கிறார்கள். அப்படி வகுத்த விதியிலும், சிறிய எண் பெற்ற ரவுட்டருக்கு ஒவ்வொரு தடவையும் முதலிடம் கிடைத்துவிடுகிறதே, மாதிரிக்குள் ஓர் அநியாயத்தை நாமே புகுத்திவிட்டோமா என்ற கேள்வி பின்தொடர்கிறது. அதைத் தீர்ப்பதற்காக, ஒவ்வொரு முத்திரையோடும் திரும்ப உண்டாக்கக்கூடிய தற்செயல் எண் ஒன்றையும் சேர்த்து அனுப்பி, அதைக் கொண்டு முன்பின் தீர்மானிக்கும் முறைகளை இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.